திக்கித் திணறும் திரையும் டிரைவர் என்ற பூசாரியும்

2012 பிப்ரவரி 29-ஆம் தேதி ராஸ்பெர்ரி பை விற்பனைக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகள் கணினியைத் தொட்டுக் கிளறிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவான பலகை அது. ஏடிஎம் கார்டு அளவு. விலை 35 டாலர். 700 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஒற்றை ஆர்ம் பிராசஸர், 256 மெகாபைட் நினைவகம், கூடவே பிராட்காம் நிறுவனத்தின் வீடியோகோர் 4 என்ற கிராபிக்ஸ் பகுதி.

வாங்கியவர்கள் அதை டிவியில் மாட்டி இரண்டு வேலைகளைச் செய்து பார்த்தார்கள். முதல் வேலை, 1080பி தரத்தில் ஒரு சினிமா. தங்குதடையில்லாமல் ஓடியது. இரண்டாவது வேலை, லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஒரு விண்டோவை மவுஸால் பிடித்து இழுப்பது. அங்கேதான் கூத்து! விண்டோ நின்ற இடத்திலேயே நிற்கும். பிறகு நாலு விரற்கடை தள்ளித் திடீரென்று முளைக்கும். மறுபடியும் நிற்கும்.

நொடிக்கு 30 முழுப்படங்களை விரித்துக் காட்டும் கருவிக்குச் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை நகர்த்த முடியவில்லை. "35 டாலருக்கு இவ்வளவுதான் கிடைக்கும்" என்று பலர் முடிவு கட்டினார்கள். அந்த முடிவு தவறு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இந்தக் கதையில் சாமி, சிப். பூசாரி, டிரைவர்.

ராஸ்பெர்ரி பையோடு நிற்கிற சங்கதி அல்ல இது. டிவியோடு இணைக்கும் பெட்டி, கடைவாசலில் விளம்பரம் காட்டும் திரை, டிக்கெட் கொடுக்கும் இயந்திரம், காரின் முன்பலகைத் திரை, ஆலையின் கட்டுப்பாட்டுத் திரை என்று ஒரே வேலைக்காகச் செய்யப்படும் கருவிகளை எம்பெடெட் கருவிகள் என்கிறார்கள். இவற்றில் பலவற்றுக்குள் ஓடுவது லினக்ஸ். படம் திக்கித் திக்கி வருவது இவற்றில் அடிக்கடி கேட்கிற புகார்.

16.7 மில்லிநொடி

பெரும்பாலான திரைகள் நொடிக்கு 60 முறை தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே உள்ள நேரம் 16.7 மில்லிநொடி. அதற்குள் அடுத்த படம் வரைந்து தயாராக இருக்க வேண்டும். 17-ஆவது மில்லிநொடியில் முடிந்தாலும் பயனில்லை. திரை பழைய படத்தையே இன்னொரு முறை காட்டும். கண்ணுக்கு அந்தப் படம் 33 மில்லிநொடி நின்றதாகப் படும். திக்கல் என்பது இதுதான். பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்தவரும் பத்து நிமிடம் தாமதமாக வந்தவரும் அடுத்த பஸ்ஸுக்குத்தான் காத்திருக்க வேண்டும் என்பது போல.

அதனால்தான் "சராசரியாக நொடிக்கு 55 படம் வருகிறது" என்ற கணக்கு ஏமாற்றிவிடும். 55 என்பது நல்ல எண்ணாகத் தோன்றும். தவறிய அந்த 5 படங்களும் ஒரே இடத்தில் சேர்ந்து தவறினால், பார்ப்பவருக்கு ஒரு வெட்டு தெரியும். சராசரி ஆழம் மூன்றடி என்று கேட்டு ஆற்றில் இறங்கியவன் கதைதான்.

வேலையின் அளவையும் பார்க்க வேண்டும். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 83 லட்சம் பைட். நொடிக்கு 60 என்றால் ஏறத்தாழ 50 கோடி பைட். இதை எழுதுவது ஒரு சின்ன பிராசஸருக்குப் பெரிய சுமை. அதே வேலையைச் செய்யவென்றே பிறந்த கிராபிக்ஸ் பகுதிக்கு அது அன்றாட வேலை. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "சிப் எவ்வளவு வேகம்?" என்பதல்ல. "படத்தை வரைவது யார்?" என்பதுதான்.

வரைவது யார்?

ஒரு மென்பொருள் திரையில் எதையாவது காட்ட வேண்டுமென்றால் நேராகச் சிப்பிடம் போய்ப் பேச முடியாது. மெசா போன்ற ஒரு நூலகத்திடம் சொல்லும். அது கிராபிக்ஸ் பகுதிக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றும். அந்தக் கட்டளைகள் லினக்ஸ் கெர்னலில் உள்ள டிரைவர் வழியாகச் சிப்புக்குப் போகும். வரைந்து முடித்த படத்தை எந்த நொடியில் திரைக்கு மாற்றுவது என்பதையும் கெர்னல்தான் கவனிக்கும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் லினக்ஸ் வேலையை நிறுத்தாது. பரவாயில்லை என்று முழுப் படத்தையும் பிராசஸரை வைத்தே வரையத் தொடங்கும். பிழைச் செய்தி எதுவும் திரையில் வராது. படம் வரும், ஆனால் திணறும்.

2012-இன் ராஸ்பெர்ரி பையில் நடந்தது இதுதான். சினிமாவை விரிக்கும் வேலை கிராபிக்ஸ் பகுதியில் உள்ள தனி வன்பொருளுக்குப் போனது. டெஸ்க்டாப்பை வரையும் வேலை அங்கே போக வழியில்லை. அதை 700 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர் ஒவ்வொரு புள்ளியாக எழுதிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே வீடியோகோர் சும்மா உட்கார்ந்திருந்தது! வீட்டில் கிரைண்டர் இருக்க, அதன் ஸ்விட்ச் எங்கே என்று தெரியாததால் அம்மியில் மாவரைத்த கதை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பலகையில் மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது பிராசஸர் அல்ல, வீடியோகோர்தான். அது எஸ்டி கார்டில் இருக்கும் பிராட்காமின் மூடிய ஃபர்ம்வேரைப் படித்துத் தன்னைத் தயார் செய்துகொண்டு, அதன் பிறகே ஆர்ம் பிராசஸரை எழுப்பும். வீட்டுக்காரர் யார், விருந்தாளி யார் என்று லினக்ஸுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

ஒரே புகார், மூன்று நோய்

"படம் சரியில்லை" என்று சொல்கிறவர்கள் மூன்று வெவ்வேறு கோளாறுகளை அதே சொற்களால் சொல்கிறார்கள். பிரித்துப் பார்க்காமல் மருந்து தேடினால் நாட்கணக்கில் அலைய வேண்டும்.

முதலாவது, மந்தம். எல்லாமே மெதுவாக நகரும், பிராசஸர் சுமை நூறு சதவீதத்தைத் தொடும். பெரும்பாலும் பிராசஸர் வரைகிறது என்று பொருள்.

இரண்டாவது, கிழிசல். வேகமாக நகரும் காட்சியில் படத்தின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒட்டாமல் குறுக்கே ஒரு வெட்டுத் தெரியும். வரையும் வேகத்தில் குறையில்லை. திரை பாதி படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த படம் உள்ளே நுழைந்துவிட்டது, அவ்வளவுதான். திரை புதுப்பிக்கும் தருணத்துக்காகக் காத்திருந்து மாற்றும் ஏற்பாடு இருந்தால் இது மறையும். எக்ஸ் விண்டோ முறையை விட்டு வேலண்டுக்கு மாறியதன் நோக்கங்களில் இதுவும் ஒன்று. ராஸ்பெர்ரி பையின் இயங்குதளம் 2023 அக்டோபரில் வந்த புக்வார்ம் பதிப்பில், பை 4, பை 5 இரண்டிலும் வேலண்டையே இயல்பாக வைத்தது.

மூன்றாவது, தள்ளாட்டம். எல்லாம் சரியாக இருக்கும், கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சி மட்டும் லேசாக நொண்டும். சினிமா நொடிக்கு 24 படம். திரை நொடிக்கு 60. 60-ஐ 24-ஆல் மீதியில்லாமல் வகுக்க முடியாது. எனவே ஒரு படம் மூன்று முறையும் அடுத்த படம் இரண்டு முறையும் காட்டப்படுகின்றன. ஒன்று 50 மில்லிநொடி நிற்கிறது, மற்றது 33. இந்தியாவில் பிஏஎல் முறையில் ஒளிபரப்பான பழைய நிகழ்ச்சிகள் நொடிக்கு 25 படம், அவையும் 60-இல் சரியாக அடங்காது. இதற்கு டிரைவரைத் திட்டிப் பயனில்லை. படத்தின் வேகத்துக்குத் திரையின் வேகத்தை மாற்றிக்கொள்ளும்படி கோடி போன்ற மென்பொருளில் ஓர் அமைப்பு இருக்கிறது. டிவி அந்த வேகத்தை ஏற்றால் அதை இயக்கினாலே போதும்.

எங்கிருந்து தேடுவது?

அனுபவசாலிகள் ஒரு வரிசையில் தேடுகிறார்கள். அந்த வரிசைக்குக் காரணம் உண்டு. மலிவான காரணத்தை முதலில் கழித்துவிட்டுத்தான் கடினமான காரணத்துக்குப் போக வேண்டும்.

முதலில் மின்சாரமும் சூடும். ராஸ்பெர்ரி பைக்கு 5 வோல்ட் வேண்டும். ஏதோ ஒரு போன் சார்ஜரையும் மெல்லிய ஒயரையும் மாட்டினால் சுமை ஏறும்போது மின்னழுத்தம் இறங்கும். ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையின் மூலையில் மின்னல் குறி ஒன்று தோன்றும், பலகை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சிப்பின் சூடு 80 டிகிரி செல்சியஸை நெருங்கினாலும் அப்படியே. விசிஜென்சிஎம்டி என்ற கட்டளையிடம் கெட்_த்ராட்டில்ட் என்று கேட்டால் பதில் சொல்லும். விடை 0எக்ஸ்0 என்றால் குறையில்லை. 0எக்ஸ்50000 என்றால் இப்போது சரி, ஆனால் இயக்கிய பிறகு எப்போதோ ஒரு முறை மின்சாரம் குறைந்து வேகமும் குறைந்தது என்று பொருள். 0எக்ஸ்50005 என்றால் இந்த நிமிடமும் அதுதான் நடக்கிறது. டிரைவரைச் சந்தேகித்து ஒரு வாரம் தூக்கம் கெட்டவரின் கோளாறு, கடைசியில் ஒரு நல்ல சார்ஜரில் தீர்ந்துவிடலாம்.

இரண்டாவது, வரைபவர் யார் என்ற அந்தக் கேள்வி. ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ என்ற கட்டளை இதற்கு விடை சொல்லும். ரெண்டரர் என்ற வரியில் வி3டி, விசி4, பான்ஃப்ராஸ்ட், லிமா என்று சிப்பின் டிரைவர் பெயர் வந்தால் நல்லது. எல்எல்விஎம்பைப் என்று வந்தால் பிராசஸர்தான் வரைகிறது. இந்த ஒரு வரியைப் பார்க்காமல் அமைப்புகளை மாற்றிக்கொண்டே இருப்பது, நாடி பிடிக்காமல் மாத்திரை கொடுப்பதற்குச் சமம். பல்சக்கரங்கள் சுற்றும் ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் நிரலைப் பலர் வேகமானியாக நினைக்கிறார்கள். அது 60 என்று காட்டினால் திரையின் வேகத்தோடு பூட்டப்பட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம், சிப்பின் வலிமை அதில் தெரியாது.

எல்எல்விஎம்பைப் என்று வந்தால் அடுத்து டெவ் அடைவுக்குள் டிஆர்ஐ என்ற துணை அடைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் கார்டு0, ரெண்டர்டி128 போன்ற கோப்புகள் இருந்தால் கெர்னல் டிரைவர் எழுந்திருக்கிறது. அப்படியும் வேலை நடக்கவில்லையென்றால் பயனருக்கு அந்தக் கோப்பைத் தொட அனுமதி இல்லாதிருக்கலாம். வீடியோ, ரெண்டர் ஆகிய குழுக்களில் அவரைச் சேர்த்தால் போதும். அடைவே இல்லையென்றால் டிரைவர் ஏறவில்லை. டிமெசேஜ் கட்டளை காட்டும் கெர்னல் பதிவுகளில் காரணம் பெரும்பாலும் எழுதியே இருக்கும்.

மூன்றாவது, நினைவகம். வீடியோகோர் 4-க்கு நினைவகத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் பார்க்கும் வசதி கிடையாது. அதற்குத் தொடர்ச்சியான ஒரே நிலப்பரப்பு வேண்டும். கெர்னலில் இதற்கென்று ஒதுக்கிவைக்கும் பகுதிக்கு சிஎம்ஏ என்று பெயர். ஒதுக்கீடு போதாவிட்டால் தொடக்கத்தில் நன்றாக ஓடி, இரண்டு மூன்று விண்டோக்கள் திறந்ததும் திணறும். வீடியோகோர் 6 வந்த பிறகு வரையும் வேலைக்கு இந்தத் தொல்லை இல்லை.

நான்காவது, திரையின் வேகம். 2019-இல் வந்த ராஸ்பெர்ரி பை 4-ஐ 4கே டிவியில் மாட்டியவர்கள் சிலர் மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போவதைக் கண்டு குழம்பினார்கள். டிரைவர் சரி, மின்சாரம் சரி, பிராசஸர் சும்மா இருக்கிறது. ஆனால் 4கே தரத்தில் அந்தப் பலகை இயல்பாக நொடிக்கு 30 முறைதான் திரையைப் புதுப்பிக்கும். 60 வேண்டுமென்றால் கான்ஃபிக் கோப்பில் அதற்கென்று உள்ள வரியைச் சேர்க்க வேண்டும், எச்டிஎம்ஐ ஒயரையும் முதல் துளையில் சொருக வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்து வீடியோ மட்டும் திணறினால், அந்த வீடியோவின் வடிவத்தை விரிக்கும் வன்பொருள் சிப்பில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். புதியதில் எல்லாம் கூடுதலாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. 2023-இல் வந்த பை 5-இல் எச்.264 வீடியோவுக்கான வன்பொருள் எடுக்கப்பட்டுவிட்டது. அந்த வேலையை வேகமான பிராசஸரே பார்த்துக்கொள்கிறது.

திறந்த கதவு

மேலே சொன்ன வைத்தியம் எல்லாம் பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வேலை செய்யும் டிரைவர் என்று ஒன்று எங்காவது இருக்க வேண்டும். ராஸ்பெர்ரி பைக்கு அது எப்படி வந்தது?

2012 அக்டோபரில், ஆர்ம் பக்கம் ஓடும் டிரைவர் நிரல் முழுவதும் திறக்கப்பட்டுவிட்டதாக ராஸ்பெர்ரி பை அறக்கட்டளை அறிவித்தது. கெர்னலின் கிராபிக்ஸ் பகுதியைப் பராமரித்துவந்த டேவ் ஏர்லி போன்றவர்கள் அதில் மகிழவில்லை. திறந்த நிரல் வெறும் தபால்காரர், உண்மையான டிரைவர் மூடிய ஃபர்ம்வேருக்குள்ளேயே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நியாயம் இருந்தது.

2014 பிப்ரவரி 28-ஆம் தேதி, ராஸ்பெர்ரி பையின் இரண்டாவது பிறந்தநாளை ஒட்டி, பிராட்காம் வீடியோகோர் 4-இன் முப்பரிமாணப் பகுதிக்கான ஆவணங்களை வெளியிட்டது. அதே கிராபிக்ஸ் பகுதி கொண்ட ஒரு செல்போன் சிப்பின் டிரைவர் நிரலையும் சேர்த்துக் கொடுத்தது. அந்த நிரலைக் கொண்டு குவேக் 3 விளையாட்டைப் பையில் ஓடச் செய்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று அறக்கட்டளை அறிவித்தது. சில வாரங்களில் ஒருவர் செய்து காட்டிவிட்டார்! இரண்டு வருடம் யாராலும் தொட முடியாமல் இருந்த விஷயம், ஆவணம் கைக்கு வந்ததும் வாரக்கணக்கில் முடிந்தது. திறமைக்குப் பஞ்சம் இருந்ததில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அதே ஆண்டு, இன்டெலில் திறந்த கிராபிக்ஸ் டிரைவர்களை எழுதிவந்த எரிக் அன்ஹோல்ட் பிராட்காமில் சேர்ந்து விசி4 டிரைவரைத் தொடங்கினார். 2016 ஜனவரியில் வந்த லினக்ஸ் 4.4-இல் திரையைக் கையாளும் பகுதியும், மார்ச்சில் வந்த 4.5-இல் முப்பரிமாணப் பகுதியும் சேர்ந்தன. 2019-இன் பை 4 திறந்த வி3டி டிரைவரையே இயல்பாகக் கொண்டு வந்தது. 2020 நவம்பரில் வல்கன் சான்றும் கிடைத்தது. மூடியிருந்த ஒரு பெட்டி ஏறத்தாழ எட்டு வருடத்தில் கெர்னலின் சொந்தப் பிள்ளையாகிவிட்டது.

திறக்காத கதவு

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. 2008-இல் இன்டெல் சின்னக் கருவிகளுக்காக ஆட்டம் இசட்5 வரிசையைக் கொண்டு வந்தது. லினக்ஸ்காரர்களுக்கு இன்டெல் கிராபிக்ஸ் என்றால் ஒரு நம்பிக்கை. மாட்டினால் வேலை செய்யும். ஆனால் இந்த வரிசையோடு வந்த ஜிஎம்ஏ 500 இன்டெலின் சொந்தச் சரக்கு அல்ல. இமாஜினேஷன் டெக்னாலஜிஸ் நிறுவனத்தின் பவர்விஆர் எஸ்ஜிஎக்ஸ் 535-ஐ உரிமம் வாங்கி உள்ளே வைத்திருந்தார்கள். டெல் மினி 12, ஆசஸ் ஈபிசி 1101எச்ஏ, சோனி வயோ பி என்று பல கருவிகளிலும், ஃபிட்பிசி2 போன்ற கைக்கடக்கமான பெட்டிகளிலும் அது இருந்தது.

அதற்கு மூடிய டிரைவர் ஒன்று கொடுக்கப்பட்டது. குறிப்பிட்ட கெர்னல் பதிப்புக்கும் எக்ஸ் பதிப்புக்கும் மட்டும் பொருந்துகிற டிரைவர். லினக்ஸைப் புதுப்பித்தால் டிரைவர் போய்விடும், டிரைவர் வேண்டுமென்றால் பழைய லினக்ஸிலேயே இருக்க வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பிறகு கெர்னல் உலகின் மூத்தவர்களில் ஒருவரான ஆலன் காக்ஸ் புதிதாக ஒரு திறந்த டிரைவர் எழுதினார். அது 2011-இல் சோதனை நிலையிலும், 2012 மார்ச்சில் லினக்ஸ் 3.3-இல் முழு உறுப்பினராகவும் சேர்ந்தது. திரை சரியான அளவில் ஒளிர்ந்தது. முப்பரிமாண வேகம் மட்டும் அதில் வரவில்லை. அந்த ரகசியம் மூன்றாவது நிறுவனம் ஒன்றின் பூட்டுக்குள் இருந்தது.

இமாஜினேஷன் நிறுவனமே தன் பிற்கால வரிசைக்கு எழுதிய திறந்த டிரைவர் 2024-இல் லினக்ஸ் 6.8-இல் சேர்ந்தது. நல்ல செய்திதான். ஆனால் 2008-இல் காசு கொடுத்தவருக்கு அது உதவாது. அவருடைய எஸ்ஜிஎக்ஸ் அந்த வரிசையைச் சேர்ந்ததல்ல.

ஊர் கூடி இழுத்த தேர்

ஆவணம் தர மறுத்த சிப்புகளுக்கும் டிரைவர் வந்ததுண்டு. விலை மலிவான பலகைகளில் ஏராளமாக உள்ள ஆர்ம் நிறுவனத்தின் மாலி கிராபிக்ஸ் அப்படிப்பட்டது. மூடிய டிரைவர் சிப்புக்கு என்னென்ன அனுப்புகிறது என்பதை ஒட்டுக்கேட்டு, ஒவ்வொரு கட்டளையாகப் பொருள் கண்டுபிடித்து எழுதினார்கள். லூக் வெர்ஹேகன் தொடங்கிய லிமா 2012-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஃபாஸ்டெம் மாநாட்டில் காட்டப்பட்டது. அதுவும், புதிய மாலிகளுக்கான பான்ஃப்ராஸ்ட் டிரைவரும், 2019 ஜூலையில் வந்த லினக்ஸ் 5.2-இல்தான் கெர்னலுக்குள் சேர்ந்தன. ஏழு வருடம்! ஆவணம் கிடைத்த இடத்தில் வாரங்கள், கிடைக்காத இடத்தில் வருடங்கள்.

ஆல்வின்னர் சிப்புகளின் வீடியோ வன்பொருளுக்கு 2018-இல் பூட்லின் என்ற பிரெஞ்சு நிறுவனம் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் பணம் திரட்டி டிரைவர் எழுதியது. சிப்பை ஏற்கெனவே விலைகொடுத்து வாங்கியவர்கள், அது வேலை செய்வதற்காக இரண்டாம் முறை பணம் போட்டார்கள் என்று இதைப் படிக்கலாம். அவரவர் பணத்தைப் போட்டு ஒரு பொதுச்சொத்தைக் கட்டினார்கள் என்றும் படிக்கலாம். இரண்டும் உண்மை.

மறுபக்கம்

நிறுவனங்கள் பூட்டிவைப்பதெல்லாம் கெட்ட எண்ணத்தால் அல்ல. சிப்புக்குள் பிறரிடம் உரிமம் பெற்ற பகுதிகள் இருக்கும், அவற்றைத் திறக்கும் அதிகாரம் விற்பவருக்கே இருக்காது. ஆவணம் வெளியானால் காப்புரிமை வழக்கு வருமோ என்ற பயம் இருக்கும். போட்டியாளர் பார்ப்பாரே என்ற கவலையும் இருக்கும்.

திறப்பதிலும் நஷ்டம் உண்டு. 2021 நவம்பரில் ராஸ்பெர்ரி பை முழுக்கக் கெர்னலின் பொது வழிக்கு மாறியபோது, பழைய ஃபர்ம்வேர் வழியை நம்பியிருந்த ஓஎம்எக்ஸ்பிளேயர் போன்ற நிரல்கள் கைவிடப்பட்டன. வருடக்கணக்கில் கடைவாசலில் விளம்பரப் படம் ஓட்டிக்கொண்டிருந்த பெட்டிகளை அந்த நிரலை வைத்து அமைத்தவர்கள் எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது. பையின் ஃபர்ம்வேரும் முழுதாகத் திறந்துவிடவில்லை. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. திறந்த டிரைவரில் பழுது வந்தால் யாராவது சரிசெய்ய முடியும். மூடிய டிரைவரில் ஒரே ஒருவர்தான் முடியும், அவர் அடுத்த மாடலை விற்கப் போயிருப்பார்.

தேய்மானக் கணக்கு

கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு சொத்துக்கும் ஒரு பயன்படு காலம் எழுதுவார்கள். கணினி என்றால் இத்தனை வருடம், மேசை நாற்காலி என்றால் இத்தனை வருடம் என்று. வருடந்தோறும் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் கழித்துவிடுவார்கள். எம்பெடெட் கருவிகளுக்கு அந்தக் காலத்தைத் தீர்மானிப்பது சிலிக்கான் அல்ல, டிரைவர். சிப் தேயவில்லை, எரியவில்லை. பாதுகாப்புக்காகக் கெர்னலை மாற்றியே ஆக வேண்டிய நாள் வருகிறது. அன்று டிரைவர் கூட வரவில்லையென்றால் கருவியின் ஆயுள் அன்றோடு முடிகிறது. நூறு திரைகளை வாங்கி மாட்டிய ஒரு சிறிய நிறுவனத்துக்கு இது சின்ன நஷ்டம் அல்ல. மிஞ்சுவது நல்ல நிலையில் உள்ள குப்பை.

ஆகவே வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். "இதன் கிராபிக்ஸ் டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறதா, அல்லது விற்பவர் கொடுக்கும் பழைய கெர்னலில் மட்டும் ஓடுமா?" விளம்பர அட்டையில் இந்த வரி இருப்பதில்லை. எத்தனை கோர், எத்தனை ஜிகாஹெர்ட்ஸ், எத்தனை கே என்று அதில் சாமியின் பெருமைதான் பாடியிருக்கும். விலை கொடுக்கும் முன் பூசாரியையும் விசாரித்துவிடுவது நல்லது.